முதுகெலும்பு அழுத்தக் குறைப்புச் சிகிச்சை

முதுகெலும்பு அழுத்தக் குறைப்புச் சிகிச்சை என்பது கீழ்முதுகு வலி உள்ளவரைக் கணினியால் இயங்கும் மேசையில் படுக்கவைத்து, இடுப்பிலும் மார்பிலும் பட்டை கட்டி, முதுகெலும்பை விட்டுவிட்டு இழுக்கும் அறுவையில்லா மருத்துவ முறையாகும். இது பழைய இழுவைச் சிகிச்சையின் புதிய வடிவமாகும். எலும்பின் ஒரு பகுதியை அகற்றிச் செய்யப்படும் அழுத்தக் குறைப்பு அறுவைச் சிகிச்சை இதனின்றும் வேறானது.

செயற்படும் முறை

முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல் அமைந்தவை இடைத்தட்டுகள். ஒரு தட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால் வலி காலுக்குப் பரவும். இது சியாட்டிக்கா எனப்படும். முதுகெலும்பை இழுத்தால் தட்டின் உள்ளழுத்தம் குறைந்து பிதுக்கம் உள்வாங்கும் என்பதே இம்முறையின் அடிப்படைக் கருத்து. இழுக்கும்போது உள்ளழுத்தம் குறைவதை 1994இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. எனினும், நோயாளி எழுந்து நின்றதும் உடல் எடை மீண்டும் தட்டுகளின் மேல் ஏறுகின்றது. எனவே அழுத்தம் குறைவதை மட்டும் கொண்டு நோய் குணமாகும் எனக் கூற இயலாது.

சான்றுகள்

2013ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, இழுவைச் சிகிச்சை பற்றிய 32 ஆய்வுகளை (2762 நோயாளிகள்) ஆராய்ந்து, வலியிலோ இயக்கத்திலோ இதனால் விளையும் பயன் மிகக் குறைவு அல்லது இல்லை என முடிவு செய்தது. 2016இல் இங்கிலாந்தின் நைசு நிறுவனம் கீழ்முதுகு வலிக்கு இழுவையை அளிக்க வேண்டாம் என அறிவுறுத்தியது. நாட்பட்ட வலி குறித்து உலக சுகாதார அமைப்பும் 2023இல் அவ்வாறே கூறியது.

தட்டுப் பிதுக்கத்தால் வரும் வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். அக்காலத்தில் சிகிச்சை பெறுபவர், இயல்பான குணத்தை இயந்திரத்தின் பயனாகக் கருதக்கூடும்.

பொருத்தத்தைத் தீர்மானித்தல்

வலியே இல்லாத பலருக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் தட்டுப் பிதுக்கம் காணப்படும். ஆகையால் படத்தை மட்டும் கொண்டு முடிவெடுத்தல் தவறு. மருத்துவரின் நேரடிப் பரிசோதனை தேவை. உடற்பயிற்சி, இயன்முறை மருத்துவம் ஆகியவற்றுக்கு மாற்றாக இதைக் கொள்ளலாகாது. முயல விரும்புவோர் பல அமர்வுகளுக்கான தொகையை முன்கூட்டியே செலுத்தாமல், பயனில்லையெனில் நிறுத்துவது நன்று.

பின்வருவோர் இச்சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும்:

* கருவுற்ற பெண்கள்
* எலும்பு முறிவு அல்லது கடுமையான எலும்புப்புரை உள்ளவர்கள்
* முதுகெலும்பில் புற்றுநோய் அல்லது நோய்த்தொற்று உள்ளவர்கள்
* முதுகெலும்பில் உலோகத் திருகுகள் பொருத்தப்பட்டவர்கள்
* வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் உள்ளவர்கள்

அவசர அறிகுறிகள்

சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், தொடைகளின் இடைப்பகுதி மரத்துப் போதல், கால்கள் வலுவிழந்து வருதல் ஆகியவை முதுகெலும்பின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுக்கப்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். இந்நிலையில் இழுவை சிகிச்சையாகாது. உடனே மருத்துவமனையை அடைய வேண்டும். தாமதித்தால் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும்.