பெயர் மாறிப் பிறந்த விளையாட்டு

ஒரு படைப்பு மறைந்து போயிற்றென்றால், நீரோ நெருப்போ செல்லோ அதனை உண்டிருத்தல் வேண்டுமென்று கருதுவதே நம் வழக்கம். ஏட்டுச் சுவடிகளின் வரலாற்றை அறிந்தார்க்கு அவ்வெண்ணம் இயல்பானதே. ஆயின், நிறைவெய்துந் தறுவாயில் நின்ற படைப்பொன்று, அதனைக் கண்டு மெச்சியவர் சொல்லாலேயே வேறொன்றாகி மறைதலும் உலகில் உண்டு. ஈண்டுக் கூறப்புகுந்தது சுவடியுமன்று, செய்யுளுமன்று. இளைஞர் விரும்பி ஆடும் வீடியோ விளையாட்டு ஒன்று. விளையாட்டுத்தானே என்று வாசகர் இதனைத் தள்ளிவிடலாகாது. கதையும் பாத்திரமும் ஓவியமும் இசையும் ஒருங்கு கூடிய கலை அது. அக்கலையில் நேர்ந்த ஒரு பாட மாற்றத்தை ஆராய்வது பயனுடையதே.

இருவர்க்கு உரிய கதை

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர்ப் பகுதியிலுள்ள துவைக்குரொஸ் என்னும் சிற்றூரில் இருப்பது ரெயர் என்னும் விளையாட்டு நிறுவனம். ஸ்டாம்பர் சகோதரர் இருவர் 1985 இல் அதனைத் தொடங்கினர். யப்பானிய நிறுவனமாகிய நின்ரெண்டோவின் கருவிகளுக்கென 'டொங்கி கொங் கன்ரி' (1994), 'கோல்டன் ஐ 007' (1997) முதலிய புகழ்பெற்ற விளையாட்டுகளை ஆக்கியளித்தோர் இந்நிறுவனத்தாரே. அவர்கள் நின்ரெண்டோ 64 என்னும் கருவிக்காக உருவாக்கி வந்த 'டைனோசர் பிளனற்' என்னும் விளையாட்டு, 2000 ஆம் ஆண்டு மே மாதம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடைபெற்ற ஈ3 கண்காட்சியிற் பலர் பார்வைக்கு வைக்கப்பட்டது. டைனோசர்க் கோள் என அதன் பெயரைத் தமிழிற் கூறலாம்.

அக்கதைக்குத் தலைமக்கள் இருவர். ஒருவன் ஸேபர், மற்றையவள் கிறிஸ்டல். இருவரும் விலங்கு முகமும் மாந்தர் உடலும் கொண்ட வீரர். அவனுக்குப் படைக்கலம் வாள். அவளுக்கோ மாயவலிமை பொருந்திய கோல். அவனுக்குத் துணை திரிக்கி என்னும் மூன்று கொம்புடைய டைனோசர்க் குட்டி. அவளுக்குத் துணை கைற் என்னும் பறக்கும் பல்லியினத்துச் சிறு பெண். ராண்டோர்ன் என்னும் மந்திரவாதி இருவர்க்கும் வழிகாட்டி. ஜெனரல் ஸ்கேல்ஸ் என்னும் கொடியோனிடமிருந்து அக்கோளைக் காத்தலே அவர்தம் கடன். ஆடுவோர் ஒருகால் அவனாகவும் ஒருகால் அவளாகவும் மாறி மாறி நடத்தற்குரியதாய் அது வகுக்கப்பட்டிருந்தது. ஆணும் பெண்ணும் கதையைச் சமமாகச் சுமந்தனர் என்பதே இதன் சிறப்பு.

ஒரு முகச்சாயல் செய்த மாற்றம்

மாரியோ, செல்டா ஆகிய விளையாட்டுகளின் பிரமாவாகிய ஷிகெரு மியாமோட்டோ இதன் காட்சிகளைக் கண்டார். நின்ரெண்டோவுக்கு 1993 முதல் 'ஸ்டார் பொக்ஸ்' என்னும் விளையாட்டு வரிசை ஒன்றுண்டு. விண்கலம் செலுத்திப் போர்புரியும் நரி வீரனாகிய பொக்ஸ் மக்கிளவுட் அதன் தலைவன். ஸேபரின் தோற்றம் அந்நரியை ஒத்திருந்தமை மியாமோட்டோவின் கண்ணிற் பட்டது. இதனை அவ்வரிசையிற் சேர்த்தாலென்ன என்னும் கருத்தும் அங்ஙனே பிறந்தது.

இதனைத் தீங்கென்று சொல்லிவிடல் முறையன்று. நின்ரெண்டோ 64 தன் முதுமையை எய்தியிருந்தது. கேம்கியூப் என்னும் புதுக்கருவி 2001 இல் வெளிவரவிருந்தது. அறிமுகமில்லாத இரு பெயர்களைக் காட்டிலும் உலகறிந்த நரி ஒன்றன் பெயர் புதுக்கருவிக்கு ஆள் சேர்க்கும் என்பது வணிகர் அறிந்த உண்மை. பழைய விளையாட்டு நின்றது. அதன் நிலமும் நகரும் இசையும் புதுக்கருவிக்குப் பெயர்ந்து, 2002 செப்டெம்பரில் 'ஸ்டார் பொக்ஸ் அட்வென்ச்சர்ஸ்' என்னும் பெயரில் வெளிவந்தன. காட்சியழகால் அது பலராலும் பாராட்டப்பட்டது. நரியின் மேனியில் உரோமம் தனித்தனியே தோன்றிய நுட்பத்தை அக்காலத்தார் வியந்தனர்.

ஒட்டுத் தெரியும் இடங்கள்

எனினும், ஒன்றை அழித்து அதன்மேல் மற்றொன்றை எழுதினால், முன்னதன் வரிகள் முற்றாய் மறைவதில்லை. ஊன்றி நோக்குவார்க்கு வெளிவந்த விளையாட்டிலேயே ஒட்டுகள் மூன்று புலப்படும்.

முதலாவது, கிறிஸ்டலின் நிலை. தொடக்கத்தில் ஆடுவோர் அவளாகவே ஆடுகின்றனர். பறவைபோற் பறக்கும் உயிரொன்றின் முதுகிலேறி, ஸ்கேல்ஸின் கப்பலோடு அஞ்சாது பொருது, கிறசோவா என்னும் ஆவிகளின் மாளிகையுள் அவள் புகுகின்றாள். தலைவிக்குரிய தோற்றுவாய் அது. ஆனால், சிறிது நேரத்தில் அவள் பளிங்கொன்றினுள் அடைபட்டு, கதையின் பெரும்பகுதிக்கும் அசைவற்று நிற்கின்றாள். கிறிஸ்டல் என்னும் பெயருக்குப் பளிங்கென்பதே பொருள். கதையைச் சுமக்க வந்தவள் காக்கப்படவேண்டிய பொருளாகிவிட்டாள்.

இரண்டாவது, அக்கோல். துப்பாக்கியின்றிக் கோளில் இறங்கும் பொக்ஸ், அவள் கைவிட்ட கோலைக் கண்டெடுத்து, அதுகொண்டே இறுதிவரை பொருகின்றான். விண்கல வீரனுக்கு மாயக்கோல் எங்ஙனம் பொருந்தும்? அவள் கதைக்கென வார்த்த கருவி என்று கொண்டாலன்றி அதற்கு விடையில்லை.

மூன்றாவது, பகைவன் முடிவு. கதை முழுதும் வளர்க்கப்பட்ட ஸ்கேல்ஸ் ஈற்றில் எதிர்வருகின்றான், போர் தொடங்குகின்றது, தொடங்கியவுடனேயே எங்கிருந்தோ எழுந்த குரலொன்றுக்குப் பணிந்து அடங்கிவிடுகின்றான். ஸ்டார் பொக்ஸ் வரிசையின் பழம்பகைவனாகிய அண்ட்ரொஸ் வெளிப்பட்டு, விண்கலப் போரோடு விளையாட்டு முடிகின்றது. ஒரு காப்பியத்தின் முடிவை மற்றொரு காப்பியத்திலிருந்து கொணர்ந்து வைத்தாற் போன்றது இது.

படைத்தோரும் படைப்பும்

இதன் பின் நிகழ்ந்தது இன்னும் இரங்கத்தக்கது. அவ்விளையாட்டு வட அமெரிக்காவில் வெளிவந்த அதே மாதம் 24 ஆந் திகதி, ரெயர் நிறுவனத்தை 375 மில்லியன் டொலருக்குத் தான் வாங்கியதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. கேம்கியூப் கருவிக்கு ரெயர் அளித்த விளையாட்டு இஃதொன்றேயாயிற்று. நரியின் பெயரை ஏற்றமையால் அக்கதை நின்ரெண்டோவின் உடைமையாய் நின்றது. கிறிஸ்டலும் தன்னைப் படைத்தாரோடு செல்லவில்லை. 2005 இல் வேறொருவர் ஆக்கிய 'ஸ்டார் பொக்ஸ் அசோல்ற்' என்னும் விளையாட்டில், நரியின் படையில் ஒருத்தியாய் அவள் தோன்றினாள்.

கையிற் கிடைத்த இறுவட்டு

ஆண்டுகள் பல கழிந்தன. பழைய விளையாட்டுகளைத் தேடிக் காக்கும் 'பொறெஸ்ட் ஒப் இல்லூஷன்' என்னும் குழுவினர், தனியார் ஒருவர் சேமிப்பிலிருந்து இறுவட்டொன்றை விலைக்குப் பெற்று, அதன் உள்ளடக்கத்தை 2021 பெப்ரவரியில் உலகறிய வெளியிட்டனர். 2000 டிசெம்பர் 1 ஆந் திகதி இடப்பெற்ற டைனோசர் பிளனற்றின் படி அது. கிறிஸ்டல் அதிற் கோலேந்தித் தானே நடக்கின்றாள், ராண்டோர்னும் உளன். ஆயினும், ஸேபர் நின்ற இடத்திற் பொக்ஸின் உருவம் ஏற்கெனவே வந்துவிட்டது. மூலமுமன்று, வெளிவந்ததுமன்று, ஒன்று மற்றொன்றாகும் இடைநிலையே நமக்குக் கிடைத்தது. அப்படியிலுள்ள குறைகளைக் களைந்து அதனை இறுதிவரை ஆடத்தக்கதாக்க ஆர்வலர் பலர் ஊதியமின்றி உழைக்கத் தலைப்பட்டனர். ஏடு தேடிப் பாடம் ஒப்பிட்ட நம் பெரியோரின் உழைப்பே இதனைக் காணுங்கால் நினைவிற்கு வருகின்றது.

வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. பிறர் எடுத்தாண்டு காத்த செய்யுள்கள் சிலவே எஞ்சின. இழப்பின் அளவை அறிதற்கு அச்சிலவேனும் வேண்டும். இவ்விறுவட்டும் அத்தகையதே. அஃது இல்லையாயின், கிறிஸ்டல் பிறந்த நாள் முதலே பளிங்கினுள் இருந்தாளென்று உலகம் நம்பியிருக்கும்.

மாற்றுதல் படைப்போர்க்கும் பொருள் முதலிட்டோர்க்கும் உள்ள உரிமை. அதனை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால், மாற்றுமுன் இருந்ததை ஒரு படியேனும் பேணி வைத்தல் அவ்வுரிமையோடு வரும் கடமை. அக்கடமையை ஆக்கியோர் மறந்தவிடத்து, யாரோ ஒருவர் பெட்டியிற் கிடந்த இறுவட்டை நம்பியே ஒரு கலையின் வரலாறு நிற்கவேண்டியதாகின்றது. எல்லாப் படைப்புக்கும் அந்நற்பேறு வாய்க்குமென்று எவர்தாம் உறுதி கூறவல்லார்?