விறகு வியாபாரம்: பச்சையாக விற்பதா, காயவைத்து விற்பதா?

மதுரை மாவட்டத்தில் திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கத்து மானாவாரி நிலங்களில் நான்கைந்து ஆண்டு உழவு விட்டுப்போனால் சீமைக் கருவேல் மண்டிவிடுகிறது. நிலத்தைச் சுத்தம் செய்ய நினைக்கும் விவசாயி பெரும்பாலும் வியாபாரியிடம் குத்துமதிப்பாக ஒரு தொகை பேசி மரத்தை விட்டுவிடுகிறார். வெட்டுக்கூலி மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் எத்தனை டன் போயிற்று என்பது வியாபாரிக்கு மட்டுமே தெரியும். ஓரிரு ஏக்கர் நிலத்து மரத்தைத் தாமே வெட்டி விற்க முன்வருகிறவர்கள் முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் சுமார் 40 சதம் நீர் என்று கொள்வோம். 1,000 கிலோ பச்சை விறகில் மரப்பொருள் 600 கிலோதான். வெயிலில் நன்றாகக் காய்ந்து நீர் 20 சதத்துக்கு வரும்போது அதே விறகு 750 கிலோ நிற்கும். உதாரணமாக, பச்சை விறகு கிலோ 3 ரூபாய் என்றால் டன்னுக்கு 3,000 ரூபாய். காய்ந்த விறகை 4 ரூபாய்க்கு விற்றாலும் 750 கிலோவுக்கு அதே 3,000 ரூபாய்தான். பிளந்த கூலியும் அடுக்கிய கூலியும் கைநஷ்டம். ஆகவே, காய்ந்த விறகின் விலை பச்சை விறகின் விலையைப்போல் ஒன்றேகால் மடங்கு இருந்தால் போதாது. ஒன்றரை மடங்காவது கிடைத்தால்தான் காயவைப்பதில் பொருள் உண்டு.

வாங்குகிறவர் பக்கமும் பார்ப்போம். ஈரமே இல்லாத ஒரு கிலோ மரம் எரிந்தால் சுமார் 4,500 கிலோ கலோரி வெப்பம் தரும். விறகிலுள்ள ஒவ்வொரு கிலோ நீரையும் ஆவியாக்க சுமார் 600 கிலோ கலோரி வீணாகிறது. இதன்படி காய்ந்த விறகு பச்சை விறகைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு வெப்பம் தரும். வெப்பத்துக்கு மட்டும் விலை கொடுப்பவரிடம் நமக்கு நிற்பது மிகச் சொற்பம் என்பது இதிலிருந்து விளங்கும். புகையில்லாத, அடுப்பளவுக்குப் பிளந்த விறகு வேண்டுகிறவரிடம்தான் லாபம் இருக்கிறது.

2016-இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்துக்குப் பின் கிராமத்து வீடுகளிலும் எரிவாயு பரவியதால், வீட்டு அடுப்பை நம்பி இத்தொழிலில் இறங்க வேண்டாம். பரோட்டாக் கடை, விறகு அடுப்பு வைத்த ஹோட்டல், பேக்கரி, கல்யாணச் சமையல்காரர் ஆகியோர் காய்ந்த விறகை விரும்புவர். செங்கல் சூளைக்காரர் அரைகுறையாகக் காய்ந்த உருட்டுக்கட்டையையும் எடுத்துக்கொள்வார். அவருக்காகப் பிளந்து, அடுக்கி, மாதக்கணக்கில் காத்திருப்பது வீண்வேலை. வெட்டுவதற்கு முன்பே இரண்டு மூன்று கடைகளில் நேரில் விசாரித்து, நீளம் எவ்வளவு, கனம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தை, மாசியில் வெட்டுவது சிறந்தது. மழை ஓய்ந்து, முன்னால் நீண்ட வெயில் காலம் இருக்கும். முள்ளைக் கவைக்கம்பால் ஒதுக்கியபின் அரிவாளை வீசவும். இம்முள் குத்திய இடம் சீழ்ப்பிடிக்கும். கெட்டியான செருப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம். கட்டையை அன்றன்றே கடைக்காரர் சொன்ன நீளத்துக்குத் துண்டாக்கி, பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் சீமைக் கருவேல் கோடாலிக்கு இளகாது. முறுக்கு விழுந்த கட்டையை ஓரத்திலிருந்து பிளந்து வரவும். நடுவில் கணு இருந்தால் ஆப்பும் சம்மட்டியும்தான் கைகொடுக்கும். பட்டை மூடிய உருட்டுக்கட்டை வெட்டுமுகம் வழியாக மட்டுமே மெதுவாகக் காயும். பிளந்தது எல்லாப் பக்கமும் காற்று வாங்கும்.

விறகை மண்மேல் போட்டால் கறையான் ஏறும். கல் அல்லது பழைய கட்டைகளின்மேல் அடுக்குங்கள். இருமுனைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் அடுக்கு சரியாது. மேலே மட்டும் கீற்று போதும். பக்கங்களையும் தார்ப்பாயால் மூடுவது விறகைப் புழுக்கிவிடும். அடுக்கின் நடுவிலிருந்து ஒரே துண்டை எடுத்து வாரந்தோறும் எடை போட்டு எழுதி வாருங்கள். அடுத்தடுத்து இரண்டு வாரம் எடை குறையாமல் நின்றால் காய்ச்சல் போதும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்கும். நாள்பட்டுப் போனால் வண்டு துளைத்து மாவு கொட்டும். இரண்டாம் ஆண்டுக்கு இருப்பு வைக்க வேண்டாம்.

வைகாசி முகூர்த்தங்களுக்கு ஒரு பகுதியை விற்கலாம். மீதியை ஐப்பசி, கார்த்திகைக்கு வைத்திருப்பது நல்லது. அடைமழையில் நனையாத விறகு வைத்திருப்பவர் சொல்லும் விலைக்கு மதிப்பு உண்டு. வெறும் வண்டியையும் ஏற்றிய வண்டியையும் எடைமேடையில் நிறுத்தி, இரண்டு சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். "ஈரக் கழிவு" என்று எடையில் பிடிப்பவரிடம், ஏற்றுவதற்கு முன்பே கழிவு எவ்வளவு என்று பேசி முடிக்க வேண்டும். கடன் கேட்கும் புதியவரிடம் பாதித் தொகையாவது முன்பணமாக வாங்காமல் ஏற்ற வேண்டாம்.

கண்மாய்க் கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் நிற்கும் மரம், நம் வரப்பை ஒட்டி நின்றாலும் நம்முடையதல்ல. முறைப்படி ஏலம் எடுத்தவரே வெட்டலாம். பட்டா நிலத்தில் தேக்கு, சந்தனம் போன்றவை இருந்தால் அவற்றில் கை வைக்குமுன் வனத்துறையினரைக் கேட்டுக்கொள்ளவும்.

தரையோடு வெட்டிய சீமைக் கருவேல் மீண்டும் துளிர்க்கும். நிலம் பயிருக்கு வேண்டுமென்றால் ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டித் தூரோடு எடுக்க வேண்டும். அந்தத் தூர்க்கட்டையை எறிந்துவிடாதீர்கள். கரி மூட்டம் போடுகிறவர்கள் அதைத் தேடி வந்து வாங்குவார்கள்.