பிரசவ வலியைத் தணிக்கும் வாயு

தாய்மை இறைவன் பெண்ணுக்கு அளித்த பெரும் பேறு. அந்தப் பேற்றை அடையும் வழியில் வலி உண்டு என்பதும் எல்லோரும் அறிந்ததே. ஆனால் அந்த வலியைப் பற்றி நம் வீடுகளில் எவ்வளவு பேசுகிறோம்? "எல்லாரும் பெத்தவங்கதானே, பொறுத்துக்கோ மகள்" என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உம்மம்மா உம்மாவுக்குச் சொன்னது அதுதான். உம்மா ராத்தாவுக்குச் சொல்வதும் அதுதான். சொல்பவர்களின் அன்பில் குறையில்லை. என்றாலும், என்ன நடக்கப்போகிறது, வலியைக் குறைக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன என்பதைத் தெரியாமலே ஓர் இளம்பெண் பிரசவ அறைக்குள் நுழைகிறாள். வலியோடு பயமும் சேர்ந்துகொள்கிறது.

வலியில் குரல் எழுப்புவது பலவீனமோ வெட்கக்கேடோ அல்ல. மர்யம் (அலைஹஸ்ஸலாம்) அவர்களைப் பிரசவ வேதனை பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுவந்ததையும், அவர்கள் அந்த வேதனையில் கலங்கியதையும் அல்குர்ஆன் மறைக்காமல் கூறுகிறது. அந்தக் கலக்கத்துக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது கண்டனம் அல்ல. ஆறுதலும், நீரூற்றும், கனிந்த பேரீச்சம்பழமும் கிடைத்தன. வலிப்பவளுக்கு ஆறுதல் தேடிக் கொடுப்பது நமக்கும் கடமையே. அந்த ஆறுதல்களுள் ஒன்றான நைதரஸ் ஒட்சைட்டு என்னும் வாயுவைப் பற்றியே இக்கட்டுரை.

வலி எப்படி வருகிறது?

கருப்பை ஒரு தசைப்பை. பிரசவ வேளையில் அது இறுகி, பின் தளர்கிறது. ஒவ்வொரு இறுக்கமும் கருப்பையின் வாயைச் சிறிது சிறிதாகத் திறக்கிறது. அந்த வாய் 10 சென்ரிமீற்றர் அளவுக்கு விரிந்த பின்னரே குழந்தை வெளியே வர முடியும். தொடக்கத்தில் நீண்ட இடைவெளி விட்டு வரும் வலி, போகப் போக இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை என நெருங்கி வரும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடிக்கும். முதற் பிரசவமானால் இது பல மணி நேரம் தொடரலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரசவ வலி தொடர்ச்சியான வலி அல்ல. நம் கரையில் அடிக்கும் அலைபோல எழுந்து, உச்சிக்குப் போய், தணிகிறது. அடுத்தது வருமுன் ஓர் ஓய்வு இருக்கிறது. நாம் பேசப்போகும் வாயு இந்த இயல்புக்கு ஏற்றபடியே வேலை செய்கிறது.

வாயுவின் கதை

நைதரஸ் ஒட்சைட்டின் ஒரு மூலக்கூறில் இரண்டு நைதரசன் அணுக்களும் ஓர் ஒட்சிசன் அணுவும் உள்ளன. நிறமற்றது, இலேசான இனிய மணம் கொண்டது. 1772 இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி இதை முதன்முதலில் தயாரித்தார். ஹம்பிரி டேவி என்ற இளம் விஞ்ஞானி இதைத் தானே சுவாசித்துப் பார்த்து, சத்திரசிகிச்சையின் வலியைக் குறைக்க இது உதவக்கூடும் என்று 1800 இல் எழுதினார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சுவாசித்தவர்கள் காரணமின்றிச் சிரித்ததால் "சிரிப்பூட்டும் வாயு" என்று பெயர் பெற்று, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. 1844 இல் அமெரிக்கப் பல் வைத்தியர் ஹொரஸ் வெல்ஸ் இதைச் சுவாசித்துத் தன் பல்லையே பிடுங்கச் செய்த பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

பிரசவ வலிக்கு மருந்து கொடுப்பதா என்ற கேள்வி அன்று பெரும் சர்ச்சையாக இருந்தது. ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் யங் சிம்சன் 1847 இல் குளோரோபோமைப் பிரசவத்துக்குப் பயன்படுத்தியபோது, பெண் இந்த வலியை அனுபவித்தே ஆகவேண்டும் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். 1853 இல் விக்டோரியா மகாராணி தமது எட்டாவது பிரசவத்தில் குளோரோபோமை ஏற்றுக்கொண்டபின் அந்த எதிர்ப்பு தணிந்தது.

நைதரஸ் ஒட்சைட்டைப் பிரசவத்தில் முதலில் பயன்படுத்தியவர் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகர வைத்தியர் ஸ்டானிஸ்லாவ் கிளிக்கோவிச். 1881 இல் அவர் இதை ஒட்சிசனோடு கலந்து கொடுத்து, தாயின் நினைவு தப்பாமல் வலி குறைவதைக் கண்டார். ஆயினும் அந்தக் காலத்துக் கருவிகள் பெரியவை. வைத்தியரும் பணமும் உள்ள இடத்தில்தான் அவை கிடைத்தன. வீட்டில் மருத்துவமாதின் துணையோடு பிள்ளை பெற்ற ஏழைப் பெண்களுக்கு எதுவும் இல்லை.

அந்த நிலையை மாற்றியது 1933 அளவில் லிவர்பூல் வைத்தியர் ரொபேர்ட் மினிற் உருவாக்கிய எளிய கருவி. வாயுவைக் காற்றோடு கலந்து கொடுக்கும் அக்கருவியை மருத்துவமாதர்கள் தாமே பயன்படுத்த 1936 இல் இங்கிலாந்தில் அனுமதி கிடைத்தது. வசதி படைத்த பெண்ணுக்குக் கிடைக்கும் நிவாரணம் ஏழைப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்று பிரதமரின் மனைவியான லூசி போல்ட்வின் அக்காலத்தில் முன்னின்று உழைத்தார். ஆனால் அக்கலவையில் ஒட்சிசன் குறைவாக இருந்தது. 1961 இல் மைக்கேல் டன்ஸ்டல் என்ற மயக்க மருந்து வைத்தியர், பாதி நைதரஸ் ஒட்சைட்டும் பாதி ஒட்சிசனும் ஒரே சிலிண்டரில் கலந்திருக்கும் முறையைக் கொண்டுவந்து அக்குறையைத் தீர்த்தார். இன்று "என்டோனொக்ஸ்" என்ற பெயரில் அறியப்படுவது இக்கலவைதான். சாதாரண காற்றில் ஒட்சிசன் 21 சதவீதம். இதில் 50 சதவீதம்.

தாயின் கையிலேயே

சிலிண்டரிலிருந்து வரும் குழாயின் முனையில் ஒரு முகமூடியோ வாயில் வைக்கும் துண்டோ இருக்கும். தாய் மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் வால்வு திறந்து வாயு வரும். அதைத் தாயே தன் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இது மிக முக்கியமான பாதுகாப்பு விதி. அளவுக்கு மீறிச் சுவாசித்து மயக்கம் வந்தால் அவள் கை தானாகவே தளர்ந்து முகமூடி விலகிவிடும்; வாயு நின்றுவிடும். பிள்ளை துடிக்கிறாளே என்ற பாசத்தில் உம்மாவோ கணவரோ அதைப் பிடித்து அவள் முகத்தில் அழுத்தக் கூடாது.

அடுத்தது நேரம். வாயு வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அரை நிமிடம் வேண்டும். முழுப் பயன் கிடைக்க முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகும். எனவே வலி உச்சிக்கு ஏறிய பிறகு சுவாசித்துப் பயனில்லை. வயிறு இறுகத் தொடங்கும் முதல் அறிகுறியிலேயே ஆழமாகவும் நிதானமாகவும் சுவாசிக்கத் தொடங்க வேண்டும். வலி தணிந்ததும் முகமூடியை விலக்கிவிட்டுச் சாதாரண காற்றைச் சுவாசிக்கலாம். சில நிமிடங்களில் வாயு நுரையீரல் வழியாகவே வெளியேறிவிடும்.

இது வலியை முற்றாக நீக்காது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் எபிடூரல் ஊசியின் அளவுக்கு வலிமையும் இதற்கு இல்லை. வலி இருக்கிறது, ஆனால் அது அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை என்றே பயன்படுத்திய தாய்மார் பலர் சொல்கிறார்கள். சிலருக்கு இது போதுமானதாக இருக்கும், சிலருக்குப் போதாது. போதாதபோது வேறு முறைக்கு மாற இது தடையாகாது. கருப்பையின் இயக்கத்தை இது தடுப்பதில்லை. குழந்தையின் சுவாசத்தைத் தளர்த்துவதும் இல்லை. நம் நாட்டில் வழக்கமாகப் போடப்படும் பெதிடின் ஊசி, பிரசவத்துக்குச் சற்று முன்னர் போடப்பட்டால் குழந்தையைத் தூக்கக் கலக்கத்தில் ஆழ்த்தக்கூடும். அவ்வகையில் வாயுவுக்கு ஒரு சிறப்பு உண்டு.

குறைகளும் எச்சரிக்கைகளும்

குமட்டல், வாந்தி, தலைச்சுற்று, வாய் உலர்தல் ஆகியன வரலாம். முகமூடியை விலக்கினால் தலைச்சுற்று விரைவில் தீரும். விற்றமின் பி12 குறைபாடு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இந்த வாயு அந்த விற்றமினைச் செயலிழக்கச் செய்யும்.

உடலுக்குள் காற்று அடைபட்ட இடங்கள் இருந்தால் இவ்வாயு அங்கே புகுந்து அவற்றை விரியச் செய்யும். அதனால் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தவர்களுக்கும் குடல் அடைப்பு உள்ளவர்களுக்கும் இதைக் கொடுப்பதில்லை. சங்குக்கும் கடலட்டைக்கும் ஆழ்கடலில் மூழ்கி, மிக வேகமாக மேலே வந்ததால் பாதிக்கப்பட்டவருக்கும் இதே காரணத்தால் இவ்வாயு ஆபத்து. இது பிரசவத்துக்கு அப்பாற்பட்டதாயினும், நம் கரையோரக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியது.

பிரசவ அறைக்குக் காற்றோட்டமும் அவசியம். தாய் வெளிவிடும் வாயு அறையில் தேங்கினால், நாள்தோறும் அங்கே பணிபுரியும் மருத்துவமாதர்களுக்குக் கெடுதி. இங்கிலாந்தின் சில வைத்தியசாலைகள் 2022, 2023 ஆண்டுகளில் இக்காரணத்தால் இதைத் தற்காலிகமாக நிறுத்திக் காற்றோட்டத்தைச் சீர்செய்தன. இவ்வாயு காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 270 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இது போதைப்பொருளா?

நம் சமூகத்தில் இக்கேள்வி எழுவது இயல்பு. ஐரோப்பிய நாடுகளில் சில இளைஞர்கள் இதைக் கேளிக்கைக்காகச் சுவாசித்து நரம்புகள் பாதிக்கப்பட்டு நடக்க முடியாமற் போயிருக்கிறார்கள். அவர்கள் ஒட்சிசன் கலக்காத வாயுவைத் திரும்பத் திரும்பச் சுவாசித்தவர்கள். பிரித்தானியா 2023 இல் அவ்வாறு வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அதே நாட்டின் பிரசவ அறைகளில், அளவோடும் மேற்பார்வையோடும் அது மருந்தாகத் தொடர்கிறது. நோக்கமும் அளவும் வேறு. தாய் நினைவோடு இருக்கிறாள், பேசுகிறாள், பிறந்த குழந்தையைத் தன் கையால் வாங்கிக்கொள்கிறாள். சவூதி அரேபியாவின் வைத்தியசாலைகளிலும் பிரசவத்துக்கு இது பயன்படுகிறது. மேலும் தெளிவு வேண்டுவோர் வைத்தியரிடமும் ஆலிம்களிடமும் கேட்டறியலாம்.

நம் மண்ணில்

1930 களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2,000 க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது 30 அளவுக்குக் குறைந்திருக்கிறது. வீடு வீடாக வரும் மருத்துவமாதர்களும், கிளினிக்குகளும், வைத்தியசாலைப் பிரசவமும், பெண்கல்வியும் சேர்ந்து சாதித்தது இது. 1990 ஒக்ரோபரில் இம்மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்து ஓலைக்கொட்டில்களில் வயிற்றுப் பிள்ளையோடு வாழ்ந்த தாய்மாரின் பிள்ளைகளும் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அத்தாய்மாரின் பொறுமையை நாம் மதிக்கிறோம். வேறு வழியில்லாதபோது அவர்கள் காட்டிய பொறுமை அது. வழியிருக்கும்போதும் அவர்களின் மகள்மார் அதே அளவு வலிக்க வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. உயிரைக் காப்பதில் இவ்வளவு தூரம் வந்த நாடு, வலியைத் தணிப்பது பற்றியும் இனிப் பேசலாம்.

இலங்கையின் எல்லா வைத்தியசாலைகளிலும் இந்த வாயு கிடைப்பதில்லை. சிலிண்டர், வால்வு, காற்றோட்டம், பயிற்சி பெற்ற தாதியர் எல்லாம் ஒன்றுசேர வேண்டும். வசதி மட்டும் போதுமென்றும் சொல்ல முடியாது. செல்வம் மிக்க அமெரிக்காவிலேயே 2011 ஆம் ஆண்டு வரை மிகச் சில வைத்தியசாலைகளே பிரசவத்துக்கு இதைக் கொடுத்தன. தாய்மாரும் மருத்துவமாதர்களும் கேட்கத் தொடங்கிய பிறகே பரவியது.

எனவே கேளுங்கள். எருக்கலம்பிட்டியோ, தாராபுரமோ, தலைமன்னாரோ, பாலத்துக்கு அப்பால் முசலியோ, எந்த ஊரானாலும் கர்ப்பகால கிளினிக் உண்டு. "பிரசவத்தின்போது வலியைக் குறைக்க இந்த வைத்தியசாலையில் என்னென்ன உண்டு? வாயு உண்டா? ஊசி எப்போது போடுவீர்கள்? எபிடூரல் உண்டா? என்னோடு ஒருவர் துணைக்கு இருக்கலாமா?" இந்த ஐந்து கேள்விகளையும் ஏழாம் எட்டாம் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வலி தொடங்கிய பிறகு கேட்பது கடினம்.

வாயு இல்லாத இடத்திலும் செய்யக்கூடியவை பல. எழுந்து நடத்தல், நிதானமாக மூச்சுவிடுதல், இடுப்பை அழுத்தித் தேய்த்துவிடுதல், வெந்நீர் ஒத்தடம் ஆகியவை செலவில்லாதவை. தாய் விரும்பும் ஒருவர் பிரசவ வேளையில் அவளோடு இருப்பதை உலக சுகாதார ஸ்தாபனமும் பரிந்துரைக்கிறது. கனிவான ஒரு சொல்லும் மருந்துதான்.

மாணவிகளே, உங்களில் சிலர் நாளை தாதியராக, மருத்துவமாதர்களாக, வைத்தியர்களாக இந்த மாவட்டத்துக்கே திரும்பி வருவீர்கள். அன்று உங்கள் முன் வலியில் துடிக்கும் பெண்ணிடம் "பொறுத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பெற்றோரே, உங்கள் மகளுக்குச் சீர்வரிசையோடு இந்த அறிவையும் கொடுத்து அனுப்புங்கள். எல்லாத் தாய்மாருக்கும் அல்லாஹ் இலகுவான பிரசவத்தை அருள்வானாக.