மரத்தடியில் நின்ற வண்டி

தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆர்க்காடு வாடியபோது ஐடா ஸ்கடர் சின்னஞ்சிறுமி. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த, அமெரிக்க மிஷனெரி வீட்டுப் பிள்ளை. கை நீட்டி வாங்கவும் தெம்பில்லாத குழந்தைகளின் வாயில் அவர் ரொட்டியைப் பிட்டு ஊட்டியதாகச் சொல்வார்கள். வளர்ந்தபின் இந்தியாவே வேண்டாம் என்றிருந்தார்.

உடம்புக்கு முடியாத தாயைப் பார்த்துக்கொள்ளக் கொஞ்ச காலத்துக்கென்றுதான் திண்டிவனம் வந்தார். ஓர் இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள் என்றார் ஐடா. வேற்று ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதா என்று மூவரும் திரும்பிப் போனார்கள். அந்த மூன்று பெண்களும் பிழைக்கவில்லை. அதன்பின் ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-இல் வேலூருக்குத் திரும்பினார். ஒரே கட்டிலோடு தொடங்கிய சிகிச்சை, 1902-இல் நாற்பது படுக்கை மருத்துவமனையானது.

ஆனால் கிராமத்து ஏழை எப்படி வேலூர் வருவான்? கூலியை விட்டுவிட்டு, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை மைல் நடப்பான்? ஐடாவே கிளம்பினார். முதலில் மாட்டுவண்டி, பிறகு மோட்டார். வழியில் இன்னின்ன மரத்தடி என்று நிறுத்தம். வாரந்தோறும் ஜனங்கள் காத்திருப்பார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுவது, கண்ணுக்கு மருந்து விடுவது, தொழுநோயாளியைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் சாலையோரத்திலேயே நடந்தன. ஒரு வாரம் பார்த்த புண்ணை மறுவாரம் அவிழ்த்துப் பார்த்தார்கள். எனக்கு அவர் ஊழியத்தின் உயிரே அந்த மறுவாரம்தான் என்று தோன்றும்.

இன்று வேலூரின் ஐடா ஸ்கடர் சாலையில் நடந்தால் வங்காள எழுத்தில் லாட்ஜ் பலகைகள், மீன் குழம்புச் சோறு மணக்கும் கடைகள். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக, அவர் தொடங்கிய மருத்துவமனையிலிருந்து வளர்ந்த சி.எம்.சி.க்கு வருகிறார்கள். 1918-இல் பெண்களுக்காக அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1947 முதல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. அவர் பிறந்த ராணிப்பேட்டையிலேயே 2022-இல் பெரிய வளாகம் திறந்தார்கள். அன்று மருத்துவர் போனார். இன்று நோயாளி ரயிலேறி வருகிறார்.

அதற்காக அந்த வண்டி நின்றுவிடவில்லை. சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்திலிருந்து கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களுக்கு மருத்துவக் குழு போய்வருகிறது. முதலாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி, வீடு வீடாகப் போய்க் குடும்ப நிலையைக் கேட்டறிகிறார்கள். உயர்ந்த கட்டடங்களைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

எங்கள் சபை வாலிபர்களோடு ஒருமுறை கிராம ஊழியத்துக்குப் போயிருந்தேன். பிஸ்கட், பழந்துணி, பாட்டு, போட்டோ. கூட்டத்தில் ஒரு பாட்டி காலைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினார். சர்க்கரைப் புண், ஓரமெல்லாம் கறுத்திருந்தது. முப்பது பேரில் ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜெபித்தோம். அந்த வழியாக ஸ்கூட்டியில் வந்த கிராம நர்ஸ்தான் உட்கார்ந்து கழுவிக் கட்டினார். "புதன்கிழமை வர்றேன் பாட்டி, தண்ணி படாம வச்சுக்கோங்க" என்றார். சொன்னபடி புதன்கிழமை அவர் போயிருப்பார். நாங்கள் போகவில்லை.

கோடை விடுமுறையில் ஊழியப் பயணம் புறப்படும் வாலிபர் குழுக்களிடம் கேட்டுக்கொள்கிறேன். போகுமுன் அந்த ஊர் நர்ஸையும் அங்கன்வாடி டீச்சரையும் பார்த்து, என்ன தேவை என்று விசாரியுங்கள். ஒரே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப எந்தத் தேதியில் வருவீர்கள் என்பதை அந்த ஜனங்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அந்தத் தேதியில் போய் நில்லுங்கள்.