அணாக் கணக்கும் ஆவடித் தீர்மானமும்

கல்யாணப் பந்தியானாலும் சரி, ரயில் பிரயாணமானாலும் சரி, வயது முதிர்ந்தவர் ஒருவர் அகப்பட்டுவிட்டால் பேச்சு எப்படியோ பழைய விலைவாசிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. "அந்தக் காலத்தில் ஓரணாவுக்கு இட்லி, இரண்டணாவுக்கு நுரை ததும்பக் காப்பி, நூறு ரூபாய்க்குள் ஒரு சவரன்!" என்று அவர் ஆரம்பிப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்கள் பெருமூச்சு விடுவார்கள். எழுபது வருஷம் தாமதித்துப் பிறந்துவிட்டோமே என்று அவர்களுக்குத் தோன்றும். அந்தப் பெருமூச்சு நியாயமானதுதானா என்று ஒரு தரம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது நமது வெகுநாள் ஆசை.

கணக்கென்றால் அதற்கு ஓர் ஊரும் ஒரு வருஷமும் வேண்டும். ஊரைப் பற்றிச் சந்தேகமில்லை. நாம் உபாத்தியாயத் தொழில் பார்ப்பது சென்னைக்கு மேற்கே, அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்று பெயர் பெற்ற ஊர்ப்புறத்திலே. வருஷத்தையும் ஆவடியே நமக்கு எடுத்துக் கொடுத்துவிட்டது. 1955-ஆம் வருஷம் ஜனவரி மாதம் காங்கிரஸ் மகாசபையின் அறுபதாவது மகாநாடு அங்கேதான் நடைபெற்றது. மகாநாட்டுப் பந்தல் எழுந்த இடத்துக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டார்கள். ஸ்ரீ யு. என். தேபர் தலைமை வகித்தார். பண்டித நேரு பிரதமர். காமராஜர் சென்னை முதல் மந்திரியாகி ஒரு வருஷங்கூட நிறையவில்லை. இந்தியா "சோஷலிஸப் பாணிச் சமுதாய"த்தை நோக்கி நடக்க வேண்டும் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. அதுவரை ரயில்வே அட்டவணையிலும் ராணுவக் காகிதங்களிலும் மட்டுமே அடிபட்டுவந்த ஆவடியின் பெயர், ஒரே வாரத்தில் தேசமெங்கும் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் ஏறிற்று.

அந்த நாளில் இந்தப் பக்கம் எப்படி இருந்தது? தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது இவ்வழியாகத்தான். நூறு வருஷம் கழித்தும் அதே தடத்தில் கரி எஞ்சின்தான் புகை கக்கிக்கொண்டு போயிற்று. தண்டவாளத்துக்கு இரு புறமும் ஏரி, ஏரிக்குக் கீழே நெல் வயல், வயலைத் தாண்டி மறுபடியும் ஏரி. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை ஒரு புதுமை. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்து வைத்தார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் 1960-களில் வந்தவை. பூவிருந்தவல்லிக்கு ரயில் கிடையாது. திருக்கச்சி நம்பி அவதரித்த அவ்வூருக்கு நெடுஞ்சாலையில் பஸ்ஸிலோ, மாட்டு வண்டியிலோ, இல்லாவிட்டால் ஆண்டவன் கொடுத்த இரண்டு கால்களாலோதான் போய்ச் சேரவேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். சென்ற வருஷம் நம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பழைய விலைகளை எழுதி வரச் சொன்னோம். எழுதி வந்ததோடு நில்லாமல் ஒரு பையன் நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணா ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். ஒரு பெண் தன் பாட்டி வீட்டிலிருந்த பித்தளைப் படியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இவற்றை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவது சுலபமாயிருந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்கு நாலு காலணா அல்லது பன்னிரண்டு தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. அரிசிக்குப் படி; படிக்கு எட்டு ஆழாக்கு. புளிக்கும் வெல்லத்துக்கும் வீசை. வீசைக்கு நாற்பது பலம், அதாவது இன்றைய கணக்கில் ஒரு கிலோ நானூறு கிராம். நான்காம் வகுப்புப் பிள்ளை இதையெல்லாம் மனக்கணக்காகப் போட்டாக வேண்டும்.

1957 ஏப்ரல் முதல் தேதி இந்த ராஜ்யம் கவிழ்ந்தது. ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று சட்டம் வந்தது. நாலணா சரியாக 25 பைசா. அதில் தகராறு இல்லை. ஆனால் ஓரணா என்பது ஆறே கால் பைசா. சர்க்கார் அட்டவணைப்படி ஓரணாவுக்கு ஆறு பைசா, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது. இந்தக் கால் பைசாவும் அரைப் பைசாவும் யார் பையில் விழுந்தன என்பது பற்றி ஒவ்வொரு மளிகைக் கடையிலும் வாக்குவாதம் எழுந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

பிள்ளைகள் கொண்டுவந்த ஜாபிதாவில் எல்லாமே மலிவாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு பேர் கொண்டுவந்த காகிதங்களில் ஒன்றிலாவது சம்பளம் என்ற வரி இல்லை! பாதிக் கணக்கை மட்டும் எழுதினால் எந்த உபாத்தியாயரும் மார்க்குக் கொடுக்கமாட்டார். மறு பாதியை நாமே எழுத வேண்டியதாயிற்று.

1955-ஐ ஒட்டிய வருஷங்களில் இந்தியனின் சராசரி வருமானம் ஆண்டுக்கு 300 ரூபாய்க்கும் குறைவு. அதாவது ஒரு நாளைக்குப் பதின்மூன்று அணாவுக்குள். இதுவும் ஜமீன்தாரையும் மில் முதலாளியையும் சேர்த்துப் போட்ட சராசரி. வயலில் நாற்று நட்டவளுக்குக் கிடைத்தது இதனினும் குறைவு. இந்தப் பதின்மூன்று அணாவிலே அரிசி, விறகு, எண்ணெய், துணி, மருந்து, கடன் வட்டி எல்லாம் அடங்கவேண்டும். இரண்டணாக் காப்பி மலிவென்று நாம் சொல்கிறோம். ஒரு நாள் வருமானத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை ஒரு டம்ளர் காப்பிக்குக் கொடுப்பது மலிவுதானா? நூறு ரூபாய்க்குள் கிடைத்த சவரனும் சராசரி மனிதனுக்கு ஏறக்குறைய மூன்று மாத வருமானம்.

அதே வருஷத்து அமெரிக்காவை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவாரஸ்யமாயிருக்கும். 1955 ஏப்ரல் 15-ஆம் தேதி சிகாகோவுக்கு அருகில் ரே கிராக் என்பவர் மக்டானல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை ஒன்றைத் திறந்தார். அங்கே இறைச்சி வைத்த ரொட்டி ஒன்றுக்கு விலை 15 சென்ட். டாலருக்கு ரூபாய் 4.76 என்ற அந்நாளைய மாற்று விகிதப்படி இது பதினோரணாவுக்குச் சற்று அதிகம். அமெரிக்கச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 75 சென்ட். ஆகவே அங்கே கடைசிப் படியில் நின்ற தொழிலாளி பன்னிரண்டே நிமிஷம் உழைத்து அந்த ரொட்டியை வாங்கிவிடுவான். நம் நாட்டுச் சராசரி மனிதனுக்கு அது ஏறக்குறைய ஒரு நாள் வருமானம். நமது ஊர் இட்லி அமெரிக்க ரொட்டியைவிட எத்தனையோ மடங்கு மலிவுதான். நமது ஊர் உழைப்பு அதைவிட மலிவாயிருந்தது என்பதே விஷயம்.

விலை மலிந்தால் எல்லோருக்கும் க்ஷேமம் என்பதும் முழு உண்மை அல்ல. யுத்த காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் ராஜாஜி 1952-இல் சென்னை ராஜ்யத்தில் எடுத்துவிட்டார். பிறகு நல்ல மகசூல் கிடைத்து, 1954-55-இல் தானிய விலை விழுந்தது. பட்டணத்துக் குமாஸ்தா சந்தோஷப்பட்டான். நெல் விளைத்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். விலை இன்னும் விழாதபடி சர்க்காரே தானியம் வாங்க முன்வர நேர்ந்தது. பன்னிரண்டே வருஷத்தில் சக்கரம் மறுபுறம் சுழன்றது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி நாடெங்கும் முழங்கியது. அரிசி உண்மையிலேயே எல்லோர் கைக்கும் எட்டும் விலையில் இருந்திருந்தால், அந்த வாக்குறுதிக்கு அத்தனை பலம் ஏது?

வயிற்றுக் கணக்கு இப்படி. செவிக்கும் கண்ணுக்கும் என்ன கிடைத்தது? 1948 முதல் ராஜ்யமெங்கும் பூரண மதுவிலக்கு. ஆகையால் சாயங்கால வேளைக்குக் கள்ளுக்கடை கிடையாது. திருமுல்லைவாயில் மாசிலாமணீசர், திருமழிசை ஜகந்நாதப் பெருமாள், பூவிருந்தவல்லி வரதராஜப் பெருமாள் என்று உற்சவங்களுக்குக் குறைவில்லை. அவற்றை விட்டால் டூரிங் டாக்கீஸ்தான். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தால் தரை டிக்கெட். பெஞ்சில் உட்கார்ந்தால் கௌரவம். ஒரே புரொஜெக்டர் ஆனபடியால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. இடைவேளைதோறும் முறுக்கும் கடலையும்.

1955 ஜனவரியில், ஆவடி மகாநாடு நடந்த அதே மாதத்தில், "மிஸ்ஸியம்மா" படம் வெளியாயிற்று. வேலையில்லாத படித்தவர்கள் இருவர், தம்பதிகளுக்கு மட்டுமே தருவதாகச் சொன்ன பள்ளிக்கூட உத்தியோகத்துக்காகக் கணவன் மனைவியாக நடிப்பது கதை. ஜெமினி கணேசனையும் சாவித்திரியையும் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் ஓர் உபாத்தியாயர் வேலைக்காக மனிதர்கள் இத்தனை பாடுபட வேண்டியிருக்கிறது என்பதே சிரிப்புக்கு ஆதாரம் என்பதை நம்மைப் போன்றவர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது.

ரேடியோ வசதியுள்ள வீடுகளில் இருந்தது. அதற்கு வருஷந்தோறும் லைசென்ஸ் கட்டவேண்டும். சென்னை நிலையம் 1938-இல் ஆரம்பமாகியிருந்தது. 1952-இல் மத்திய மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டைக் குறைக்கப் போக, ஜனங்கள் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். 1957-இல் விவித பாரதி பிறந்தபிறகே சமாதானம் ஏற்பட்டது. அந்நாளில் அமெரிக்க வீடுகளில் பாதிக்கு மேல் டெலிவிஷன் வந்துவிட்டது. சென்னைக்கு அது வந்தது 1975-இல்.

செய்திக்குச் "சுதேசமித்திரன்", "தினமணி". வீட்டுக்கு ஒரு பத்திரிகை என்பது அரிது. ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பது வழக்கம். ஏனெனில் 1951 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். ஆவடி மகாநாட்டுக்குச் சில வாரம் முன்பு, 1954 டிசம்பர் 5-ஆம் தேதி ஆசிரியர் கல்கி காலமானார். வாரந்தோறும் "பொன்னியின் செல்வ"னுக்குக் காத்திருந்த குடும்பங்கள் தங்கள் வீட்டு மனிதரை இழந்தாற்போல் வருந்தின. 1955 ஏப்ரலில், டாக்டர் சால்க் கண்டுபிடித்த இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து பலிக்கிறது என்ற செய்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. செய்தி வந்தது அப்போது. இந்தியாவில் அந்த நோய் ஒழிந்ததென்று உறுதியானது 2014 மார்ச்சில். 1950-களின் தொடக்கத்தில் இந்தியக் குழந்தை ஒன்று பிறந்தால் அது சராசரி முப்பத்திரண்டு வருஷம் வாழும் என்று கணக்கிட்டிருந்தார்கள். எந்த விலை ஜாபிதாவிலும் இந்தப் பதினெட்டும் இந்த முப்பத்திரண்டும் ஏறுவதில்லை.

அப்படியானால் பெரியவர்கள் சொல்வது முழுவதும் மயக்கம்தானா? அல்ல. அவர்களுடைய பெருமைக்கு இடமுண்டு. ஆனால் அது காப்பி விலையில் இல்லை. விலையே இல்லாதிருந்த பொருள்களில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீருக்கு அன்று யாரும் பணம் கொடுத்ததில்லை. அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் வயலுக்குப் பாய்ந்தன, பிள்ளைகள் நீந்தினார்கள். தொழிற்பேட்டை வந்தது, வேலை வந்தது, சம்பளம் வந்தது. வயல்கள் மனைகளாயின, ஏரிகளுக்குள் கழிவு நீர் புகுந்தது. ஒரு கையால் வாங்கியதற்கு மறு கையால் விலை கொடுத்தோம். ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரியைச் செப்பனிட்டுப் பூங்காவாக்கியது போன்ற காரியங்கள், அந்தக் கடனில் ஒரு சிறு தவணை.

ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடிய யோசனை ஒன்றே. 1955-இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று எண்பதை எட்டியவர். அவர் இருக்கும்போதே, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரருகில் உட்காருங்கள். இட்லி என்ன விலை என்று கேட்டபின், மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: "உங்கள் அப்பாவுக்கு மாதம் என்ன வருமானம்? அதில் எத்தனை பேர் சாப்பிட்டீர்கள்? காசு கொடுக்காமல் உங்களுக்கு என்னென்ன கிடைத்தது?" மூன்றுக்கும் விடை எழுதினால்தான் கணக்குப் பூர்த்தியாகும். ஆவடித் தீர்மானம் சொன்ன சமுதாயத்துக்கு நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை அளக்கவும், அந்த மூன்று விடைகளுக்கு நேரே நம் வீட்டின் இன்றைய விடைகளை எழுதிப் பார்ப்பதைவிட நல்ல படி வேறில்லை.