இடையிடையே நின்றுபோகும் சர்வர்

சில நாள் ஒழுங்காக இயங்கிய சர்வர் திடீரென நின்றுவிடுவதுண்டு. மீண்டும் தொடக்கினால் இயங்கும். அதனால் குறை நீங்கிற்று எனக் கருதலாகாது. இயக்க அமைப்பின் மையப் பகுதியாகிய கெர்னல், தன்னால் சீர்செய்ய இயலாத பிழையைக் கண்டால், கோப்புகள் மேலும் கெடாதிருக்கும் பொருட்டுத் தானே இயக்கத்தை நிறுத்துகிறது. நிறுத்தம் நோயன்று, அதன் அறிகுறியே.

லினக்ஸ் அமைப்பில் கேடம்ப் என்னும் வசதியை முன்னரே அமைத்து வைத்தல் வேண்டும். நிற்கும்போது, தனியே ஒதுக்கிய மற்றொரு கெர்னல் தொடங்கி, நினைவகத்தில் இருந்தவற்றை வட்டில் பதிவு செய்யும். இத்தகைய பதிவுகள் சிலவற்றை ஒப்பிடுக. எல்லாம் ஒரே இடத்தைச் சுட்டினால், அப்பகுதியின் நிரலை முதலில் ஐயுறலாம். வெவ்வேறு இடங்களைச் சுட்டினால், நினைவகம், மின்வழங்கி, வெப்பம் ஆகியவற்றை முதற்கண் ஆராய்தல் தகும்.

டி.டி.ஆர்.4 வகை இ.சி.சி. நினைவகத்தில் 64 பிட் தரவுக்கு 8 சரிபார்ப்புப் பிட்டுகள் உள்ளன. இவற்றால் ஒரு பிட் பிழை திருத்தப்படும். இரு பிட் பிழை கண்டறியப்படுமேயன்றித் திருத்தப்படாது. திருத்திய பிழைகள் ஒரே நினைவகப் பலகையில் பெருகி வந்தால், அதனை மாற்றுதல் நலம்.

ஒரு முறைக்கு ஒரு பொருளையே மாற்றி, நாளையும் விளைவையும் குறித்து வைக்க வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால், குறை நீங்கினும் காரணம் விளங்காது.