பிரசவ அவசரத்துக்கு மருத்துவமனை தயாரா? ஒன்பது பணிகளில் தெரிந்துவிடும்

"ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும், அப்புறம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்." பிரசவ வலி கண்ட வீடுகளில் பலரும் சொல்லும் ஆறுதல் இது. ஆனால், எந்த மருத்துவமனை, அங்கு என்ன வசதி என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது.

கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினருக்கு ஏதாவதொரு கடுமையான சிக்கல் வரக்கூடும் என்பது மருத்துவ உலகின் நெடுநாள் கணிப்பு. அது யாருக்கு வரும் என்று முன்கூட்டியே முழுமையாகச் சொல்லிவிட முடியாது. எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருந்த தாய்க்கும், குழந்தை பிறந்த பிறகு இரத்தப்போக்கு நிற்காமல் போகலாம். சிகிச்சை கிடைக்காவிட்டால், சுமார் இரண்டு மணி நேரத்திலேயே அது உயிரைப் பறிக்கக்கூடும்.

இதனால்தான் ஒரு மருத்துவமனை பிரசவ அவசரத்தைச் சமாளிக்குமா என்பதை அளக்க, உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் ஒரு முறையை வகுத்தன. 2009இல் வெளிவந்த கையேடு, ஒன்பது பணிகளைப் பட்டியலிடுகிறது.

முதல் ஏழும் அடிப்படைப் பணிகள்: கிருமித் தொற்றுக்கு ஊசி மருந்து, கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்து, வலிப்பைத் தடுக்கும் மருந்து, தங்கிவிட்ட நஞ்சுக்கொடியைக் கையால் அகற்றுதல், கருப்பையில் எஞ்சியவற்றைச் சுத்தம் செய்தல், கருவியின் துணையுடன் குழந்தையை வெளியே எடுத்தல், மூச்சுவிடாத சிசுவுக்கு மூச்சு வரவழைத்தல். இவற்றோடு அறுவை சிகிச்சைப் பிரசவமும் இரத்தம் ஏற்றும் வசதியும் சேர்ந்தால், அது முழுமையான அவசரச் சிகிச்சை மையம். ஐந்து லட்சம் மக்களுக்குக் குறைந்தது ஐந்து மையங்கள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது முழுமையானதாக இருக்க வேண்டும் என்கிறது கையேடு.

மதிப்பீடு செய்பவர்கள் "வசதி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்பதில்லை. "கடந்த மூன்று மாதங்களில் இதைச் செய்தீர்களா?" என்று கேட்கிறார்கள். காரணம் எளிது. கருவி ஸ்டோரில் இருக்கும், பயன்படுத்தத் தெரிந்தவர் இருக்கமாட்டார். மருந்து அலமாரியில் இருக்கும், இரவில் சாவி வைத்திருப்பவர் இருக்கமாட்டார். கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்காவிட்டால் அதன் வீரியம் குறைந்துவிடும். பதிவேட்டைப் புரட்டினால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

தாய் இறப்புக்கு வழிவகுக்கும் தாமதங்களை 1994இல் ஆய்வாளர்கள் தாடியஸ், மெய்ன் இருவரும் மூன்றாகப் பிரித்தனர்: போக வேண்டும் என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பிறகு சிகிச்சை பெறுவதில். மருத்துவமனையின் தயார்நிலை மூன்றாவது தாமதத்தைக் குறைக்கிறது. செம்மண் சாலை வழியாகப் பட்டணத்துக்கு வர வேண்டிய தோட்டக் குடும்பத்துக்கு இரண்டாவது தாமதமும் சேர்ந்துகொள்கிறது. சரியான வசதியில்லாத இடத்துக்கு முதலில் போய், அங்கிருந்து வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டால், அந்த இரண்டு மணி நேரம் வழியிலேயே கரைந்துவிடும்.

மலேசியாவில் 1950ஆம் ஆண்டுவாக்கில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 500க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தனர். பயிற்சி பெற்ற தாதியர், கிராமப்புறச் சுகாதார நிலையங்கள், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு ஆகியவற்றால் அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. 1991 முதல் தாய் இறப்புகள் இரகசிய விசாரணை முறையில் ஆராயப்படுகின்றன. யாரையும் தண்டிப்பது இதன் நோக்கமல்ல. எந்த இடத்தில் கைதவறியது என்று கண்டறிவதே நோக்கம்.

இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி ஒவ்வொரு கர்ப்பிணியின் கையிலும் இருக்கிறது. கிளினிக்கில் தரப்படும் பிங்க் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறக் குறியீடு இடப்படுகிறது. வெள்ளை என்றால் ஆபத்து குறைவு. சிவப்பு என்றால் உடனே மருத்துவமனையில் சேர வேண்டும். பரிசோதனைக்குப் பரிசோதனை நிறம் மாறலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது. வெள்ளை நிறம் சிக்கலே வராது என்பதற்கான உத்தரவாதம் அல்ல.

ஏழாவது, எட்டாவது மாதப் பரிசோதனையின்போது தாதியிடம் நான்கு கேள்விகளைக் கேட்டு வைக்கலாம். இந்த நிறத்துக்கு எந்த மருத்துவமனையில் பிரசவம் பார்க்க வேண்டும்? அங்கு இரவிலும் விடுமுறை நாளிலும் அறுவை சிகிச்சையும் இரத்தமும் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் எங்கு அனுப்புவார்கள்? அங்கு போக எவ்வளவு நேரம் ஆகும்?

வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: நள்ளிரவில் வலி வந்தால் வண்டி யாருடையது? கணவர் இரவு ஷிப்டில் இருந்தால், பக்கத்து வீட்டாரிடம் இப்போதே பேசி வைத்துவிட வேண்டும். இரத்தப்போக்கு, வலிப்பு, கடும் தலைவலியுடன் பார்வை மங்குதல் ஆகியவை தெரிந்தால், மாமியாரும் அம்மாவும் கூடிப் பேசி முடிவெடுக்கும்வரை காத்திருக்காமல் 999 எண்ணை அழைக்க வேண்டும்.